பின்னால் ஓடிய கேமரா

கேமராவுக்குள் இருந்த படங்களையெல்லாம் நான்தான் அழித்துவிட்டேன் என்று நம்பினேன். அதுவும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக. எனக்கு அப்படியொரு திறமை இருப்பதாக நினைத்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

கேமரா, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மாமாவுடையது. ஒரு படம் எடுத்ததும் உள்ளேயிருக்கும் மோட்டார் ‘ஜிக்’கென்று ஃபிலிமைத் தானே நகர்த்திக்கொள்ளும். அன்று மதியம் அவர் கிளம்புகிறார். அதற்குள் தானும் அப்பாவும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று வேண்டுமென்று அம்மா கேட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அது வாய்க்கவே இல்லை. அப்பாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்ட். அம்மாவுக்கு வேறொரு மில்லில் பகல் ஷிப்ட். அவரை இறக்கிவிடும் பஸ்ஸுக்கும் அவளை ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸுக்கும் நடுவே, ஒரு டீ குடிக்கிற நேரம்தான் எங்கள் குடும்பம் முழுதாக இருக்கும்.

அப்பா வந்ததும், தலையில் ஒட்டிய பஞ்சோடு அவரைச் சுவரோரம் நிறுத்தி, பக்கத்தில் அம்மாவையும் நிறுத்தினார் மாமா. தெருமுனையில் அம்மாவின் பஸ் ஹார்ன் அடித்தது.

“ஏலே, நீ அமுக்கு. நான் போயி டிரைவரச் செத்த நேரம் பேச்சுல பிடிச்சு வைக்கிறேன். மச்சான், நான் வார வரைக்கும் அசையாதீங்க.”

ஓடிவிட்டார். அமுக்கினேன். ‘ஜிக்’கோடு நிற்க வேண்டிய மோட்டார் ‘கிர்ர்ர்’ரென்று ஓட ஆரம்பித்தது. மேலேயிருந்த சின்னக் கண்ணாடியில் எடுத்த படங்களைக் காட்டும் எண், முப்பத்தாறு முப்பத்தைந்தாகி, முப்பத்துநான்காகி, இறங்கிக்கொண்டே போனது. மாமாவின் சிங்கப்பூரே போகிறது. கேமராவை வயிற்றோடு சேர்த்து அமுக்கினேன்; அது நிற்கவில்லை. அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வேண்டத் தொடங்கியவன், எண் பத்துக்குக் கீழே போனதும் மொட்டைக்கே ஒப்புக்கொண்டேன். அதை அவர் எனக்கு நாற்பது வயதானபின் தானாகவே வசூலித்துக்கொண்டார்.

அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். அவரும் எனக்காக வேண்டிக்கொள்கிறார் என்று கொஞ்சம் தெம்பு வந்தது. ஹார்ன் மறுபடி கேட்டது. பஸ்ஸென்றால் பதறுகிற அம்மா, அப்பா சாய்ந்திருந்த தன் தோளைக் கொஞ்சமும் அசைக்காமல் நின்றாள்.

மோட்டார் நின்றது. அப்பா திடுக்கிட்டு விழித்தார்.

“என்னாச்சு, கரண்டு போச்சா?”

“ஒண்ணுமில்ல. உள்ள போயிப் படுங்க” என்று சொல்லிவிட்டு அம்மா பஸ்ஸுக்கு ஓடினாள்.

எதுவும் அழியவில்லை. ஃபிலிம் தீர்ந்தால் அந்த மோட்டார் அதைத் தானே திருப்பிச் சுற்றிவிடும். படம் நன்றாகவே வந்தது. அப்பா வேண்டிக்கொள்ளவில்லை, நின்றபடியே தூங்கியிருந்தார்.