மலையேறக் கூடாத கண்

மிளகுக் கொடியில் ஏணி சாய்த்து நின்றிருந்தபோது வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. வானம் வெளுத்துக் கிடந்தது. பின்னாலேயே கொசுக்கூட்டம்போல் கரும்புள்ளிகள் மிதந்து வந்தன. கையால் விரட்டினேன். போகவில்லை. அவை கண்ணுக்கு வெளியே இல்லை என்பது புரியச் சற்று நேரமாயிற்று.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை, கனத்த கண்ணாடி. பவர் ஏறியிருக்கும், மிளகு பறித்து முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை சாப்பாடு போடும்போது வலது கண்ணின் கீழ்ப்பக்கத்திலிருந்து கருப்பாக ஒரு திரை எழுந்தது.

"ஏம்புள்ள, கொழம்பக் கீழ ஊத்தறே?" என்றார் என் கணவர். விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "கெளம்பு. சேலம் போலாம்."

"மொளகு கொடியிலயே கெடக்குதுங்க."

"கெடக்கட்டும்."

இதைப் படிக்கிற உங்களுக்கும் மின்னலோ கரும்புள்ளிகளோ திடீரென்று தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு வலி வரவே இல்லை.

கண் மருத்துவமனையில் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கண் அழுத்தம் பார்த்தார்கள். பாப்பாவை (கருவிழியின் நடுவிலுள்ள துளையை) விரியவைக்கும் சொட்டு மருந்தை விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு டாக்டரம்மா தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்தபடி, "மேல பாருங்க, கீழ பாருங்க" என்று கண்ணின் மூலை முடுக்கெல்லாம் தேடினார். அந்த வெளிச்சத்தில் கண்ணீர் கொட்டியது.

"விழித்திரை கிழிஞ்சு விலகியிருக்கும்மா" என்றார். விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்; பார்வை பதிவது அதில்தான். "நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அது பிரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். எந்த ஊரு நீங்க?"

"கொல்லிமலைங்க. பெரக்கரை நாடு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை நிரப்பினால் அது விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து ஒட்டவைக்கும். நாளாக ஆகத் தானே கரைந்துவிடும். ஆனால் அதற்குள் மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளேயிருக்கும் வாயு விரியும். கண் தாங்காது. பார்வையே போய்விடலாம். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்தால் மலைக்குப் போகலாம். ஆனால் அதை எடுக்க இன்னோர் ஆபரேஷன் வேண்டும். "ரெண்டுல எதுன்னாலும் ஒட்டவைக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் மகள் பூங்கொடிக்கு நிச்சயதார்த்தம் குறித்திருந்தோம், மலையில், எங்கள் வீட்டில். அதைத்தான் முதலில் நினைத்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊட்டப் பத்தி நான் பாத்துக்கறேன். நீ கண்ணப் பத்திச் சொல்லு" என்றார்.

இன்னோர் ஆபரேஷன் வேண்டாம், வாயுவே போதும் என்றேன்.

விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டுச் செய்யும் அறுவை) நடந்தபோது விழித்தே இருந்தேன். கண்ணைச் சுற்றி மரத்திருந்தது. கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து அடைத்தார்கள். இடது கண்ணிலும் ஓரிடம் நைந்திருந்ததால் முன்கூட்டியே லேசர் வைத்தார்கள்.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்வியின் வீட்டில் தங்கினேன். குமிழி மேல்நோக்கியே போகும். அது கண்ணின் பின்சுவரில் போய் அழுந்த, முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். உண்பது, பேசுவது எல்லாம் தரையைப் பார்த்துத்தான். கழுத்து கல்லாகிப்போனது. ஒருநாள் செல்வியிடம் காரணமே இல்லாமல் கத்தினேன். அவள் என் பிடரியில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

கணவரின் அண்ணன் வண்டியோடு வந்தார். "மெதுவாக் கூட்டிக்கிட்டுப் போறேன், என்ன ஆயிரும் அம்மணி? பொறந்ததுல இருந்து ஏறி எறங்கற மலை. பெத்தவ இல்லாம நிச்சயமா?"

வீட்டுக்குப் போகும் ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. சேலையைக்கூட எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். அப்போது பூங்கொடி போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ மேல வந்தீன்னா நான் நிச்சயத்துக்கு ஒக்கார மாட்டேன். மாப்பள ஊட்டுல பேசிட்டேன். நாங்க அத்தன பேரும் கீழ வாரோம்."

வந்தார்கள். பஸ்ஸிலும் ஜீப்பிலும் மலை முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி வந்தது. செல்வியின் வீட்டில் நிற்க இடமில்லை. நான் குனிந்து உட்கார்ந்திருக்க, பச்சைப் பட்டின் கரையும் மருதாணிப் பாதங்களும் என்முன் வந்து நின்றன. பூங்கொடி தரையில் படுத்து, அண்ணாந்து, தன் முழு முகத்தையும் என் இடது கண்ணுக்குக் காட்டினாள். அடுத்து மாப்பிள்ளையின் அம்மாவும் முட்டிபோட்டு, கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, இப்பத் தெரியறனுங்களா?"

"தெரியறீங்க, தெரியறீங்க" என்றேன். வீடே சிரித்தது. தட்டு மாற்றும்போது என் கையையும் தட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

நிமிரலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வலது கண்ணில் ஒரு நீர்க்கோடு தெரிந்தது. குமிழியின் விளிம்பு அது. நடந்தால் ததும்பும். கோட்டுக்கு மேலே உலகம் தெளிந்துகொண்டே வந்தது. கோடு இறங்கிக்கொண்டே போனது. முதலில் கூரையின் ஓட்டு வரிசை, பிறகு செல்வியின் நெற்றி, பிறகு அவள் வாய். கிழமைகளை மறந்து அந்தக் கோட்டை வைத்தே நாளைக் கணக்கிட்டேன். கடைசியில் அது ஒரு சிறு உருண்டையாகி, ஒருநாள் காலை முகம் கழுவும்போது காணாமல் போயிருந்தது.

மருத்துவமனையில் மறுபடியும் சொட்டு மருந்து, தலைவிளக்கு. டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "வாயு சுத்தமாப் போயிடுச்சு. விழித்திரை நல்லா ஒட்டிக்கிச்சு" என்றார். பின்னால் அந்தக் கண்ணில் கண்புரை (கண்ணின் வில்லை மங்கிப்போவது) வரக்கூடும், விடாமல் சோதனைக்கு வர வேண்டும் என்று எச்சரித்தார். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை வலது கண்ணால் படித்தேன். அந்த அறையிலேயே கணவர் கைதட்டிவிட்டார்.

"மலை ஏறலாமுங்களா?"

"தாராளமா ஏறுங்கம்மா."

கொண்டையூசி வளைவுகள் தொடங்கும் காரவள்ளி தாண்டியதும் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். வலது கண் ஒன்றாலேயே மலையைப் பார்த்தபடி ஏற வேண்டும் என்று ஆசை. தடுப்புச்சுவர் லேசாக நெளிந்து தெரிந்தது. மற்றபடி இலை இலையாகத் தெரிந்தது. இத்தனை வருடம் இந்த வளைவுகளில் தூங்கியே ஏறியிருக்கிறேன். உயரம் என்பது உடம்புக்குள்ளும் ஏறுகிறது என்று அறியாமல் இருந்திருக்கிறேன். பாதி வழியில் காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன், திறந்துகொண்டது.

"கண்ணு எப்படியிருக்குது?" என்றார் கணவர் பதற்றமாக.

"பேசாம வாங்க" என்றேன். "பாத்துக்கிட்டு இருக்கறேன்."