வாறுகால் மேல் நான்கு படி

ராதாகிருஷ்ணனுக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. எந்தக் கட்சி வந்தாலும் ஆகாது. காலையில் பேப்பரை விரித்தால் இலவசம், மானியம், வரி என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிடும், காபி ஆறிப்போகும். "அவனவன் வாசலை அவனவன் பாத்துக்கிட்டா ஊரு தானா உருப்பட்டுரும்" என்பார்.

சும்மா வாய்க்குச் சொல்கிற ஆளும் இல்லை. பதினாறு வயதில் அப்பா போய்ச் சேர்ந்தபோது, காரியம் முடிந்த கையோடு சொந்தபந்தம் நழுவிவிட்டது. படிப்பை விட்டுவிட்டு, தையல்காரர்களுக்கு நூல் விற்க சைக்கிளில் திருவாதவூர் வரைக்கும் மிதித்தவர். நாற்பது வயதில் மதுரை கீழவாசல் பக்கம் சொந்தக் கடை, சொந்த வீடு. யாரிடமும் நீட்டாத கை அது. அந்தக் கையை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

தொண்ணூற்று மூன்று மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. யாரிடமும் போய் நிற்காமல் வீட்டையே மூன்றடி உயர்த்திக் கட்டினார். உயர்த்திய வீட்டுக்கு ஏறப் படி வேண்டுமே? மழைத்தண்ணீர் வடிந்தோடும் தெருவோர வாறுகாலை மூடி, அதன் மேல் நான்கு படி கட்டிக்கொண்டார். தெருவே அப்படித்தான் செய்தது. போக வழியில்லாத மழைத்தண்ணீர், தெருக்கோடியில் பள்ளத்தில் கிடந்த அன்னக்கொடி வீட்டுக்குள் புகுந்துகொண்டது. இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைப்பவள் அவள்.

இரண்டாயிரத்து நான்கு புரட்டாசியில் அவள் ஒரு மனுவோடு வந்தாள்.

"அண்ணே, வாறுகாலைத் தோண்டி விடச் சொல்லி கார்ப்பரேஷனுக்கு எழுதியிருக்கோம். போன வருசம் தண்ணி ஏறி கிரைண்டர் மோட்டார் எரிஞ்சுபோச்சு. இந்த ஐப்பசிக்கும் ஏறுச்சுன்னா என் பொழப்பு போச்சுண்ணே. ஒரு கையெழுத்து."

"எதுக்கெடுத்தாலும் அரசாங்கத்துக்கிட்ட ஓடுனா எப்படிம்மா? நான் ஓடுனேனா? வீட்டை ஒசத்துனேன்ல?"

அவள் சண்டைக்கு நிற்கவில்லை. மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாடு போடும்போது மனைவி கனகலட்சுமி, வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் சாதாரணமாகக் கேட்டாள்: "வாறுகால் தோண்டினா நம்ம படி போயிடும். படியே இல்லைன்னா அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றார் பட்டென்று. அப்புறம்தான் பிடித்துக்கொண்டது வினை. சொல்லியிருப்பேனா? கடையில் நூல் எடுத்துக் கொடுக்கும்போதும் அதே யோசனை. தான் நம்புவது நிஜமாகவே நம்பிக்கைதானா, நான்கு படியைக் காப்பாற்ற வந்த நியாயமா? தன்னைத்தானே வேவு பார்க்கிற மாதிரி இருந்தது. கோபம் வரவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. தெரிந்துகொள்ள ஒரே வழி, படி இல்லாமல் இருந்து பார்ப்பது.

நாலாம் நாள் கொத்தனாரை வரச்சொல்லி, படியை இடித்தே போட்டார். தெரு கூடி வேடிக்கை பார்த்தது. கனகலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு மர பெஞ்சைப் போட்டுத்தான் இறங்கினார்கள். இறங்கி நின்று தன்னையே கேட்டுப் பார்த்தார். நம்பிக்கை அப்படியேதான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது மனுசனுக்கு.

அந்தத் தெம்பில் எதிர்வீட்டு இன்பசேகரனிடம் போனார். மிஷன் பள்ளி வாத்தியார். ஏழைகளுக்காக எப்போதும் பேசுகிறவர். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அவர் வீட்டுப் படியும் வாறுகால் மேல்தான்.

"சார், நாமளே ஆளுக்கொரு பக்கம் இடிச்சிட்டா கார்ப்பரேஷன் எதுக்கு?"

"அதான் மனு எழுதியாச்சே சார். அவங்க வந்து பாத்துக்கிடுவாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள மழை வந்துரும். அந்தப் பொம்பளை பாவம்."

இன்பசேகரன் சிரித்தார். "அவனவன் வாசலை அவனவன் பாத்துக்கிடணும்னு நீங்கதான சார் சொல்லுவீங்க?"

ராதாகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகத் தான் சொல்லிவந்த வாக்கியத்தை அன்றுதான் அவர் தன் காதால் கேட்டார். இன்னும் ஆறு வீடு ஏறி இறங்கினார். ஒரு படியும் பெயரவில்லை.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. அவர் வாசலில் வாறுகால் சலசலவென்று ஓடியது. மற்ற வீட்டுப் படிகளில் முட்டிய தண்ணீர் வழக்கம்போல் தெருக்கோடிக்குப் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அத்தனை வருடத்தில் அன்னக்கொடி வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே முழங்கால் தண்ணீர்.

கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் நாலு செங்கல். கிரைண்டர் ஒன்பது செங்கல் வரிசை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதில் மாவு அள்ள அவள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "நாங்களும் எங்களால ஆனமட்டும் ஒசத்திக்கிட்டுத்தாண்ணே இருக்கோம். வருசத்துக்கு ஒரு வரிசை. இந்த வருசம் மோட்டார் தப்பிச்சிருச்சு."

யாரிடமும் போய் நிற்காமல் அவர் வீட்டை உயர்த்திய அதே காரியம்தான். அவள் அதைத் தண்ணீருக்குள் நின்று செய்திருந்தாள், அவர் அனுப்பிய தண்ணீருக்குள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த மனு எங்கம்மா?"

"அனுப்பலண்ணே. இன்னும் ரெண்டு கையெழுத்து குறையுது." ஸ்டூலில் ஏறி, பரண்மேலிருந்த டப்பாவிலிருந்து மனுவை எடுத்தாள். "அரசாங்கத்துக்கிட்ட ஓடக்கூடாதுன்னீங்க?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன்" என்றார், சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டே. "ஏழு வீட்டுக்கு ஓடிப் பாத்துட்டேன். ஒருத்தனும் கதவைத் தாண்டி வரலை."

இன்பசேகரன் பெயரில் தொடங்கிய வரிசைக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். குறைந்த இன்னொரு கையெழுத்துக்கு, கனகலட்சுமியை இறக்கிக் கூட்டிவர வாசல் மர பெஞ்சைத் தேடி நடந்தார்.