நான் டூப்ளிகேட் ஆக்கிய வாட்ச்

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த புதிது. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த முரளியைத்தான் கம்பெனி முதலில் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது. எனக்கு வயிறு எரிந்தது. திரும்பி வந்தவன் கையில் விலையுயர்ந்த ஆட்டோமேட்டிக் வாட்ச். டயலுக்குள் மூன்று குட்டி வட்டங்கள், பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் பொத்தான்கள். நாங்கள் டீ குடிப்பதைக்கூட பொத்தானை அமுக்கி அளப்பான்.

அடுத்த மாதமே அவன் பைக்கிலிருந்து விழுந்து, இடது கையில் மாவுக்கட்டு. வாட்ச் டிராயருக்குள் போனது. மூன்று நாள் கழித்து எடுத்தால் நின்றுபோயிருந்தது.

"டூப்ளிகேட்டை உன் தலையில கட்டிட்டாங்கடா" என்றேன். அவனிடம் மட்டுமா? ஆபீஸ் முழுக்கச் சொன்னேன்.

அவன் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கவே மல்லேஸ்வரத்து வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கூடப் போனேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று ஆடியது.

"ஏனூ ஆகில்ல சார், ஒண்ணும் ஆகல, அசல் மால். கை ஆடினா இந்தத் தகடு சுத்தும். அது சுத்தினாத்தான் சாவி ஏறும். சும்மா வெச்சா நின்னுடும்."

முரளி சிரித்தபடி வாட்சை என்னிடம் நீட்டினான். "கட்டுப் பிரிக்கிறவரைக்கும் நீ போட்டுக்கோடா. ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

ஆசைப்பட்ட வாட்ச் ஒரு மாதம் என் கையில் ஓடியது. பார்த்தவர்களெல்லாம், "ஓ, அந்த டூப்ளிகேட்டா?" என்று சிரித்தார்கள். அசல்தான் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் முதலில் சொன்னதைத்தான் அவர்கள் நம்பிவிட்டிருந்தார்கள்.