துப்பாக்கிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

மெல்போர்னுக்கு வந்த இரண்டாம் வருஷமே என்னிடம் மூன்று துப்பாக்கிகள் சேர்ந்துவிட்டன. இதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாக நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் என் மாமனார் அப்படித்தான் நினைத்தார். "மாப்பிள்ளை யாரோடு சண்டைக்குப் போகப்போகிறார்?" என்று தன் மகளுக்கு ஏர்மெயிலில் எழுதிக் கேட்டார். அவள் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். நான் ஒரு வாரம் அவருக்குப் பதில் போடவில்லை. எனக்கு முன்கோபம் உண்டு.

மூன்றும் பாயிண்ட் டூ டூ ரகம். அதன் தோட்டா சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான் இருக்கும். பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவில் ஊசி குத்த வேண்டும். இதற்கு ஓரத்தில் தட்டினால் போதும், பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் இருக்கிறது. சத்தம் குறைவு, தோளில் உதை கிடையாது, விலையும் மலிவு. எழுபதுகளின் நடுவில், கையில் லைசென்ஸ் இருந்தால் விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைகளுக்குப் பக்கத்திலேயே இவற்றை வாங்கலாம். என்னுடைய முதல் துப்பாக்கி ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் வகை, முயல் சுட்டுச் சலித்த ஒரு விவசாயியின் கொட்டகையிலிருந்து வந்தது. இரண்டாவது, முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். மூன்றாவதை ஏன் வாங்கினேன் என்று மனைவி கேட்டாள். அதன் போல்ட்டை, தோட்டாவை உள்ளே அடைக்கும் அந்தத் தாழ்ப்பாளை, திறந்து மூடுகிற சுகத்துக்காக என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் பேஸ்வாட்டர் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் இன்ஸ்பெக்டர். அதற்கு முன் ஊரில் மோட்டார் பம்ப் கம்பெனி. நாள் முழுவதும் மற்றவர்கள் செய்ததை அளந்து, குற்றம் சொல்லி, திருப்பி அனுப்புவது என் வேலை. அப்படிப்பட்டவனுக்கு நண்பர்கள் சுலபத்தில் கிடைப்பதில்லை. மதியம் நான் தயிர்சாதத்தைத் தனியாகத்தான் சாப்பிட்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் நான் வேறு ஆள். த பேசின் என்ற ஊர்ப்பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன கிளப் இருந்தது. தகரக்கூரை, ஐம்பது மீட்டர் தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் காகித இலக்குகள். அங்கே படுத்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்தும் அந்த ஒரு நொடியில் நான் யாரையும் குறை சொல்வதில்லை. கிளப்பின் பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். அது என் கர்வத்தை அடக்கியது. பத்தில் நான்கு குண்டுகள் காகிதத்தையே தொடவில்லை.

அந்த கிளப்பில் என்னை முதல் நாளே பக்கத்தில் படுக்கவைத்துப் பேசியவர் ஒருவர்தான். செயின்ட் கில்டாவில் குடியிருந்த டிராம் டிரைவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கிளப்பில் அவரைவிடக் குறிபார்த்துச் சுடுகிறவர் கிடையாது. அவருடைய துப்பாக்கி கனமான குழல் கொண்ட பந்தயத் துப்பாக்கி. அந்த எஃகின் மேல் ஏற்றியிருந்த கருநீல நிறத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. அதை யாரும் தொட அவர் விடமாட்டார். தொட்டால் வியர்வை பட்டுத் துரு ஏறும் என்பார்.

அவருக்குக் கண்புரை வந்தது. ஆபரேஷனுக்காக சிட்னிக்கு, நர்ஸாக இருந்த மகள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும், கடற்காற்று வேறு. புறப்படுவதற்கு முன் துப்பாக்கியை என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்.

"வாரம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடை, மேட். சுட மட்டும் வேண்டாம். நீ துடைக்கிற மாதிரி இந்த ஊரில் எவனும் துடைக்கமாட்டான்" என்றார். "மேட்" என்றால் இங்கே நண்பன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஊரில் பம்ப் கம்பெனியில் ஒவ்வொரு லேத்துக்கும் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் வைத்து வளர்ந்தவன் நான். இங்கே சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளி, சாமி படம் வைத்து, என் அளவுக் கருவிகளான வெர்னியர், மைக்ரோமீட்டர், மனைவியின் தையல் மெஷின், நான்கு துப்பாக்கிகள் என்று வரிசையாக அடுக்கினேன். என்னுடைய மூன்றுக்கும் மரப்பிடியில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். விருந்தாளிக்குத்தானே முதல் மரியாதை? டிராம்காரரின் துப்பாக்கிக்கு, கோயிலில் சூலத்தின் நுனியில் குத்தியிருப்பார்களே, அதுபோல எலுமிச்சம்பழம் வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. வாடகை வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் காய்த்துக் கொட்டியது.

அதையாவது ஏனோதானோ என்று செய்தேனா? குழல்வாயை வெர்னியரால் அளந்தேன். காஸ்கெட்டில் ஓட்டை போடும் வட்ட உளியால் அதே அளவுக்குப் பழத்தில் ஒரு துளை போட்டேன். மயிரிழைகூட இடைவெளி இல்லாமல் முக்கால் அங்குலம் இறங்கி உட்கார்ந்தது.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எண்ணெய் போட்டு வெச்ச சாமானுங்க அது. அதுல போயிப் புளிப்பை ஏத்தறீங்களே? பக்கத்துல வெச்சாப் போதாதுங்களா?"

"லேத்துக்கே வெச்சவன் நான். எனக்குச் சொல்லித்தர வேண்டாம்" என்றேன்.

லேத்துக்கு வைக்கும் பழம் லேத்தின் பக்கத்தில்தான் இருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அன்று காலைதான் அவள் அதே மரத்துப் பழத்தின் தோலால் குத்துவிளக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தாள். எலுமிச்சைச் சாறு உலோகத்தை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உலோகத்தை அளந்து சம்பளம் வாங்கும் எனக்குத் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யானையை யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது. தொடவில்லை. துப்பாக்கி சுவரில் சாய்ந்து வாய் மேலே பார்க்க நின்றது. சாறு ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குழலுக்குள் இறங்கியது.

காலையில் பழத்தை எடுத்தபோது குழல்வாயைச் சுற்றி முக்கால் அங்குலத்துக்குக் கருநீலம் போய், வெள்ளி மோதிரம் போட்டதுபோல் வெளுத்திருந்தது. ஓரத்தில் பழுப்பாகத் துரு. கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டேன். செங்கல் நிறத்தில் வந்தது. கழுவினேன், துடைத்தேன், எண்ணெய் விட்டேன், மறுபடி துடைத்தேன். இருபதாவது துணி வெள்ளையாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் குழல்வாயின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி விழுந்திருந்தாலும் குண்டு திசை மாறிப் போகும். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுடக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன ஒரே விஷயம்.

மனைவி துருக்கறை படிந்த துணிகளை அள்ளிக் குப்பையில் போட்டாள். அவள் "நான் அப்பவே சொன்னனுங்களே" என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த வாரமே சிட்னியிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். குரலில் அப்படி ஓர் உற்சாகம். வார்டு ஜன்னலில் உட்கார்ந்த மைனாவின் மஞ்சள் மூக்குகூடத் தெரிகிறதாம்.

"என் துப்பாக்கி எப்படி இருக்கிறது?" என்றார்.

"நன்றாக இருக்கிறது" என்றேன். பிறகு மனசு கேட்காமல், "முனையில் ஒரு சின்னக் கறை. எங்கள் பூஜையில் எலுமிச்சம்பழம் வைப்போம். என் மனைவி விவரம் தெரியாமல் அதைத் துப்பாக்கியின் மேல் வைத்துவிட்டாள்" என்றேன்.

மூன்று நிமிஷம் முடிந்ததற்கான பீப் ஒலி மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என் வீட்டில் இரண்டும் பத்தடி தூரத்தில் இருந்தன. அதன்பின் ஒரு மாதம் நான் கிளப்புக்குப் போகவில்லை. நாட்டை விட்டு வந்து தேடிக்கொண்ட ஒரே சிநேகம் ஓர் எலுமிச்சம்பழத்தில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். கெட்டியான கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. மனைவி முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். நான் துப்பாக்கியைக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னலோரம் எடுத்துப் போனார். போல்ட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் தடவினார். ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கவலைப்படாதேம்மா. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்" என்று அவளுக்குப் புரியும்படி மெதுவான இங்கிலீஷில் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "ஐ யாம் சாரி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, காபி கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி இந்தப் பொய்யோடு ஒரு நிமிஷம்கூட உட்கார முடியாது என்று ஆகிவிட்டது.

"அவள் இல்லை. நான்தான் வைத்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி ஒருமுறை உரக்கச் சொன்னேன்.

அவர் முறுக்கைக் கடித்தார்.

"தெரியும். இந்த வெள்ளை வளையத்தைப் பார். சுற்றிலும் ஒரே அகலம், ஓரம் கோடு கிழித்த மாதிரி. பழத்தை அளந்து துளை போட்டவன் வேலை இது. இந்தத் தெருவில் அப்படி ஒரு கிறுக்கன்தான் இருக்கிறான். உண்மை உன் வாயிலிருந்து தானாக வெளியே வருகிறதா என்று பார்த்தேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் நிச்சயமில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. அவர் கோபமே படவில்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் கருநீலம் திரும்ப வராது, மேட், என்று அழுத்தமாகவே சொன்னார். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே காரில் என் துப்பாக்கிக்கும் இடம் ஒதுக்கினார்.

அன்றே கிளப்புக்குப் போனோம். புதுக் கண்ணுக்கு ஏற்றபடி குறியைத் திருத்துவதற்கே அவருக்கு ஒரு பெட்டி தோட்டா ஆயிற்று. அதன்பின் ஐந்து சுட்டார். தொலைநோக்கியில் நான் பார்த்தேன். ஐந்தும் ஒரே ஓட்டையாக, ஒரு சட்டைப் பொத்தான் மூடிவிடும் அளவுக்குள் விழுந்திருந்தன. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அந்த மண்தரையிலேயே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். "எழுந்திரு, அடுத்தவன் சுட வேண்டும்" என்று யாரோ அதட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். போனில் பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவளுக்கு அது அன்றைக்கே கேட்டிருந்தது.

"அப்புறம் ஏன் சாரி சொன்னாய்?" என்றேன்.

"வேறென்ன சொல்றதுங்க? இந்த ஊர்ல உங்களுக்குன்னு இருக்கறது அவரொருத்தருதான். எம்மேல கோவிச்சுட்டுப் போனா எனக்கென்னங்க? சனிக்கெழமை நான் எங்க போறேன், யாரு என்னையத் தேடப்போறாங்க?"

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வாசலில் நின்று கதவைச் சாத்திக்கொண்டவள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் பகலை எப்படிக் கழித்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கிகள் பீரோவிலேயே இருந்தன. குளித்துவிட்டு வந்து, எங்கே போகலாம் என்று அவளிடம் கேட்டேன். அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எங்கே என்று சொல்லாமலே, புடவை மாற்ற உள்ளே ஓடினாள்.