சக்கரத்தை மாற்றாத சித்தி

கால் தரைக்கு எட்டாத வண்டியை ஏன் வாங்கினாள் என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அச்சகத்தில் தாள் வெட்டும் என் சித்தி, பழைய பாணியில் வந்த புது மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தாள்.

“சின்ன சக்கரம் போட்டுடலாம்க்கா. இல்லன்னா சிக்னல்ல நிக்க ஸ்டூல் தூக்கிட்டுப் போவீங்களா?” என்றார் பட்டறையில் மெக்கானிக்.

“சக்கரத்தைக் குறைச்சா வண்டி அழகே போயிடும்பா.”

“விழுந்தா?”

“தூக்கத் தெரியுமான்னு கேளு.”

சித்தி புது வண்டியை அங்கேயே மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தாள். அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைப்பிடியைப் பற்றி, கால்களால் உந்தி நிமிர்த்தினாள். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது சிக்னலில் இருக்கையின் ஒரு பக்கம் நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்றுகிறாள். பிடித்திருந்தது, வாங்கினாள், அவ்வளவுதான். ‘உனக்கு ஸ்கூட்டர் போதும்’ என்று சொல்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.