டோக்கன் அக்காவும் தொட்டிக்கு வந்த விருந்தாளிகளும்

பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காலை ஒன்பது மணியிலிருந்து டோக்கன் அக்கா உட்கார்ந்திருப்பாள். நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லையை எடுத்து நீட்டி, "உக்காருங்க, கூப்பிடறேன்" என்பாள். பதினோரு வருஷமாக அதே நாற்காலி, அதே வார்த்தை. வயது நாற்பத்தாறு. வருகிறவர்களில் அறுபது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒருவர் நாற்காலியில் உட்காருகிற விதத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். சாய்ந்து உட்கார்ந்து போனை நோண்டுகிறவர் எவ்வளவு நேரமானாலும் இருப்பார். நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கதவையே பார்க்கிறவர் இன்னும் பத்து நிமிஷத்தில் நழுவிவிடுவார். அப்படிப்பட்டவரை எப்படியாவது முன்னால் தள்ளி உள்ளே அனுப்பிவிடுவாள். "இவங்க இல்லேன்னா பாதிப் பேர் பல்வலியோட வீட்டுக்கே போயிருப்பாங்க" என்று டாக்டரே சொல்வதுண்டு.

டாக்டர் அவளைவிட எட்டு வயது சின்னவள். கை சுத்தம், வாய் வேகம், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நோயாளிகளின் பயம் தெளிய நமக்கும் ஒன்று வேண்டும் என்று நாலடி நீளத்தில் வாங்கி வைத்துவிட்டாள். வைத்த கையோடு, தொட்டிக்காரர் கொடுத்த ஒரு பக்கக் காகிதத்தை அக்காவிடம் நீட்டினாள்.

"அக்கா, இது இனிமே உங்க பொறுப்பு."

"டாக்டர், நான் ஒரு ரோஜாச் செடிகூட வளர்த்ததில்ல. வாடிப்போயிடும்."

"மீன் வாடாது, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டாள்.

தொட்டியில் மூன்று தங்கமீன்கள். மூன்றும் உருண்டை உடம்புக்காரர்கள். ஒன்று வெள்ளை, தலையில் மட்டும் சிவப்பாகப் புடைத்த ஒரு குல்லா. அக்கா அதற்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்தாள். இன்னொன்று கரிக்கறுப்பு, கண் இரண்டும் வெளியே பிதுங்கி நிற்கும், அது முழியன். மூன்றாவது ஆரஞ்சு நிறம், உடம்பைவிட வால் நீளம். திரும்பும்போதெல்லாம் வால் பின்னாலேயே ஆடி அசைந்து வரும். அது மகாராணி.

முதல் வாரம் அக்கா கடமைக்குத்தான் தீனி போட்டாள். இரண்டாவது வாரம் அவள் கை தொட்டிக்கு மேலே வந்தாலே மூன்றும் ஓடி வந்தன. ஓடி என்றால் நம் கணக்கில் அது ஊர்வதுதான்; அவற்றுக்கு அதுவே தலைதெறிக்கிற வேகம். முழியனுக்குப் பார்வை மட்டு. தீனி மூக்குக்கு நேரே இருந்தாலும் அரை அங்குலம் தள்ளித்தான் வாயைத் திறக்கும். அது ஒரு வாய் பிடிப்பதற்குள் காத்திருப்பவர்களெல்லாம் "அங்க, அங்க, கீழ பாரு" என்று கத்துவார்கள். நுனியில் உட்கார்ந்தவர்கள்கூட மெல்லச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்து, வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மாற்றுவது அக்காவுக்குப் பழகிப்போனது. ஹாஸ்டலில் படிக்கிற மகள் போன் பண்ணினால்கூட முதல் ஐந்து நிமிஷம் மீன் கதைதான்.

இப்படி நாலு மாதம் நன்றாகப் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் கூட்டம். கறுப்புப் பட்டை போட்ட ஆறு சின்ன மீன்கள் மேலும் கீழும் பறந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டு, கல் மாதிரி ஒன்று கிடந்தது. பக்கத்தில் நீளமாக ஒரு ஹீட்டர்.

"நேத்து நானே வந்து விட்டேன்" என்றாள் டாக்டர், பெருமையாக. "உங்க மூணு பேரும் சதா தூங்கி வழியறாங்க. இதுங்க எப்படி சுறுசுறுப்பா இருக்கு பாருங்க! அந்த ஒட்டுற மீன் பாசியெல்லாம் தின்னு கண்ணாடியைச் சுத்தமா வச்சிருக்குமாம். புதுசுங்களுக்கு வெதுவெதுப்பா இருக்கணும்னு கடையில ஹீட்டரும் குடுத்தாங்க."

அக்காவுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஆனால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் டோக்கனை எடுத்து நீட்டப் போய்விட்டாள்.

புதன்கிழமைக்குள் அழகு வெளுத்துவிட்டது. தீனி போட்டால் பட்டைக்காரர்கள் ஆறு பேரும் தண்ணீரில் விழுவதற்கு முன்பே லபக் லபக் என்று விழுங்கிவிட்டார்கள். முழியன் வாயைத் திறக்கும் நேரத்தில் விருந்தே முடிந்திருந்தது. வயிறு நிரம்பியதும் சும்மா இருக்க வேண்டாமா? மகாராணியின் வாலுக்குப் பின்னால் வரிசை கட்டி, ஆளுக்கு ஒரு கடி. வியாழக்கிழமை அந்த வாலின் ஓரம் கிழிந்த துணி மாதிரி இருந்தது. தொப்பிக்காரரின் விலாவில் சிவப்பாக ஒரு தடம். போதாக்குறைக்கு மூன்றும் மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து மூச்சு வாங்கின.

பயந்த ஆள் எப்படி உட்காருவார் என்று தெரிந்தவளுக்குப் பயந்த மீன் தெரியாதா? மகாராணி ஃபில்டருக்குப் பின்னால் உடம்பைச் செருகிக்கொண்டு நகராமல் நின்றது.

"டாக்டர், புதுசுங்க பழசுங்களைப் படுத்துதுங்க."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் அக்கா. போகப் போகப் பழகிடும். அடுத்த ஆளை அனுப்புங்க."

அன்று மாலை முன்னறை ஏ.சி.யைச் சுத்தம் பண்ண அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். ஏ.சி. மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எத்தனை டிகிரி என்று கேட்கிற மனுஷன். மனைவி புலம்பியதைக் கேட்டு, பையிலிருந்த தெர்மாமீட்டரைத் துடைத்துத் தண்ணீரில் விட்டார்.

"இருபத்தொம்பது! ஏம்மா, என்ன இது, சூப்பா வைக்கிறீங்க?"

"வாயை மூடுங்க. அதுங்களுக்குக் கேக்கப் போவுது."

"நிஜமாத்தான் சொல்றேன். தண்ணி சூடாக ஆக அதுல காத்து குறையும். அதான் மேல வந்து வாயைப் பிளக்குது."

மறுநாள் மத்தியான இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே, இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு மீன் கடைக்கு அக்கா நடந்தாள். கடையை நடத்தியது முழங்கை வரை நனைந்த ஒரு பெண். அக்கா சொல்லச் சொல்ல அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க மூணும் கால் வரைக்கும் பாவாடை கட்டிக்கிட்டு நடக்கிற ஜாதி. அதுங்களைக் கொண்டுபோய் சைக்கிள் ரேஸ் நடுவுல நிறுத்தியிருக்காங்க. அந்தப் பட்டை மீன் நீள வாலைப் பாத்தா கடிக்காம இருக்காது. ஒட்டுற மீன் இருக்கே, அது மெதுவா நீந்துற மீன் மேல ஏறி, உடம்புல இருக்கிற வழவழப்பைச் சுரண்டித் தின்னும். அதுங்களுக்குச் சூடு வேணும், இதுங்களுக்குக் குளிர்ச்சி வேணும். ஒரே வீட்ல எப்படி?"

"அப்போ யார் மேல தப்பு?"

"மீன் மேல தப்பே இல்ல. சேத்து வச்சவங்க மேலதான்."

திரும்பி வந்த அக்கா யாரிடமும் கேட்கவில்லை. சாமான் அறையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கழுவி, மேஜைக்குப் பக்கத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றி, மகாராணியைக் கிண்ணத்தில் ஏந்தி அதில் விட்டாள். கடைக்காரப் பெண் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் உப்பும் போட்டாள். பதினோரு வருஷத்தில் டாக்டரைக் கேட்காமல் அவள் ஒரு காலண்டரைக்கூட இடம் மாற்றியதில்லை.

டாக்டர் பார்த்துவிட்டாள். "என்ன அக்கா இது? வர்றவங்க வாளியைப் பாக்கவா நான் இவ்வளவு பெரிய தொட்டி வாங்கி வச்சேன்? திருப்பி உள்ள விடுங்க."

"மாட்டேன் டாக்டர்" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அக்காவுக்கே சந்தேகம் வந்தது. "நீங்க ஒரு மணி நேரம் இந்த நாற்காலியில உக்காந்து பாருங்க. அப்புறமும் விடச் சொன்னா விடறேன்."

டாக்டருக்கு ஒரு மணி நேரம் ஏது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது ஒரு லாரி டிரைவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஆள் கதவை மறைக்கிற உயரம். ஊசி என்றால் மட்டும் நடுக்கம். பயத்தை மறக்கத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு நிமிஷம்தான் இருக்கும். திடீரென்று தொட்டிக்குள் ஒரே அமளி. தொப்பிக்காரர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் முட்டி மோதிக்கொண்டு ஓட, அவர் விலாவில் அந்தக் கல் மாதிரி மீன் வாயைப் பதித்து அட்டையாகத் தொங்கியது.

டிரைவர் பதறியடித்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் பாய்ந்தார். பாதி நாக்கு மரத்துப் போயிருந்தது.

"தாத்தர்! ஒத்தித்து! ஒத்தித்து! விதமாத்தேங்குது!"

டாக்டர் வெலவெலத்துப் போனாள். "ஊசி ஒத்துக்கலையா? மூச்சு விட முடியுதா? நாக்கைக் காட்டுங்க! அக்கா, அவசரப் பெட்டியை எடுத்துட்டு வாங்க!"

டிரைவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, டாக்டரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தொட்டி வரைக்கும் கூட்டி வந்து விரலை நீட்டினார். டாக்டர் பார்த்தாள். தொப்பிக்காரர் இன்னும் ஒரு சுற்று ஓடி, கண்ணாடிக்குப் பக்கத்திலேயே களைத்து நின்றார். ஒட்டியது விடவில்லை.

"அதுக்குப் பல்லே தெரியலையே அக்கா. எப்படிக் கடிக்குது?"

"கடிக்கல டாக்டர், சுரண்டுது."

"நாம பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டற மாதிரியா?"

"ஆமா. மரத்துப்போற ஊசி போடாம."

முன்னறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். டிரைவரும் சிரித்தார், ஒரு பக்கத்து வாயால். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "நீங்க திங்கட்கிழமையிலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தீங்க, இல்ல?" என்றாள்.

"வியாழக்கிழமையிலேருந்து டாக்டர்."

"சரி. இனிமே இதுல நான் தலையிட மாட்டேன். உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

அன்று சாயங்காலமே பட்டைக்காரர்கள் ஆறு பேரும் ஒட்டுமீனும் கடைக்காரப் பெண்ணின் வெந்நீர்த் தொட்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஈடு கொடுக்க முப்பது பட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஹீட்டரை ஒரேயடியாகப் பிடுங்காமல், நாளுக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று வீட்டுக்காரர் குறைத்துக் கொடுத்தார். மகாராணியின் வால் ஓரம் மெல்ல மெல்ல, கண்ணாடித் தாள் மாதிரி புதிதாக வளர ஆரம்பித்தது. அதைப் பழையபடி பெரிய தொட்டிக்கே மாற்றினாள் அக்கா.

தொட்டியில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. யாரைக் கொண்டு வருவது என்று நோயாளிகளெல்லாம் யோசனை சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குப் போய், பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"இந்தக் குட்டிக் குட்டி மீனுங்க?"

"அது கப்பி. சூடு கேக்கும். அதோட, உங்க தொப்பிக்காரர் வாயில அடங்கற எதுவும் அவருக்குப் பலகாரம்தான்."

"இதுவும் தங்கமீன்தானே, ஒல்லியா இருக்கே?"

"சொந்தக்காரன்தான். ஆனா வேகம் ஜாஸ்தி. பாதித் தீனியை அவனே முடிச்சிடுவான்."

கடைசியில் உருண்டை மீன்கள் இருந்த தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள் அக்கா. கடைக்காரப் பெண்ணைத் தீனி போடச் சொன்னாள். எல்லா மீனும் மொய்த்தன. ஒன்று மட்டும், வெள்ளையும் நீலமும் ஆரஞ்சும் புள்ளி புள்ளியாகத் தெறித்தது, அவசரமே படாமல் வந்து, மற்றவை சிந்தியதைக் கீழே மேய்ந்தது. யாரையும் இடிக்கவில்லை, யாரும் இடித்தாலும் ஒதுங்கிக்கொண்டது.

"இதைக் குடு" என்றாள் அக்கா. கூடவே, பாசி மேய்வதற்குப் பெரிய நத்தைகள் இரண்டு.

அவசரப்பட்டுத் தொட்டியில் விட்டுவிடவில்லை. நோய் ஏதும் இருந்தால் தெரியட்டும் என்று மூன்று வாரம் தன் மேஜைக்குப் பக்கத்துத் தொட்டியிலேயே வைத்திருந்தாள். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இவருக்கு என்ன நம்பர்?" என்பார்கள். "இவருக்கு நம்பர் குடுத்தாச்சு, இருபத்தொண்ணாவது நாள் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கேன்" என்பாள்.

இருபத்தோராவது நாள் புள்ளிக்காரரை உள்ளே விட்டபோது டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். புள்ளிக்காரர் ஒரு சுற்று சுற்றினார். முழியன் தெரியாத்தனமாக அவர் மேல் மோதியது. அவர் நகர்ந்து வழிவிட்டார். மகாராணி ஃபில்டருக்குப் பின்னாலிருந்து மெதுவாக நடுத்தொட்டிக்கு வந்தது. அக்கா தீனி போட்டாள். நாலு பேரும் நிதானமாக, கீழே கொத்திக் கொத்தித் தின்றார்கள். முழியனுக்குக்கூட மூன்று தீனி உருண்டை கிடைத்தது.

அதோடு முடிந்தது என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். அடுத்த மாதமே அக்கா, வீட்டிலும் ஒரு தொட்டியும் இரண்டு உருண்டை மீனும் வேண்டும் என்றாள். அவர் பழைய இரும்புச் சட்டங்களை வெட்டி ஒட்டித் தாங்கி செய்து கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டேதான். இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பாமல் தொட்டிக்கு முன்னால் நிற்பது அவர்தான்.

"என்னங்க, மணி எட்டரையாகப் போவுது!"

"இரும்மா. பெரியவன் சாப்பிட்டுட்டான். சின்னவன் இன்னும் ஒரு வாய்கூடப் பிடிக்கல."