பெங்களூரில் ஒரு காலனி

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் தினமும் எனக்கு எதிரே உட்காரும் இளைஞர் அவர். உருக்காலைக் கரி அவர் கழுத்து மடிப்பில் படிந்திருக்கும். வெளியூரில் வாழ்ந்தவர் யார் கிடைத்தாலும் அந்த ஊரைப் பற்றி விசாரிப்பார்.

"இந்த ஊர உட்டே போலாம்னுக்கீறேன். பெங்களூரு எப்டிக்கீதுண்ணா?"

"எல்லா பாஷைக்காரங்களும் இருக்காங்க. யாரு, என்னன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க," என்றேன்.

"அங்க எங்க இருந்தீங்க?"

"ஒரு காலனியில."

முகம் மலர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்களும் காலனியாண்ணா? சொல்லவே இல்ல!"

"சேச்சே, அது அபார்ட்மெண்ட் காலனிப்பா," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னீங்க. நீங்க இன்னாத்துக்குண்ணா பதறுறீங்க?"

கவரைப்பேட்டையில் இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினார். பிறகு ரயிலிலேயே காணோம். எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாரோ தெரியவில்லை. பெங்களூராக மட்டும் இருக்காது.